எல்லாருக்கும் பதில்

"சேர், எனக்கு ஒரு மவுஸ் வேணும்."

கௌசலா இதைச் சொல்லி முடிப்பதற்குள், பக்கத்து மேசையில் இருந்த, எல்லாரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் கணக்குக்காரர் நவ்பர் கதிரையோடு சேர்த்துத் தன்னைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நடக்கப்போவதற்குச் சாட்சியாக இருக்க அவருக்கு விருப்பமில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். லீவு கேட்கலாம். பிந்தி வரலாம். மனம் சரியில்லையென்றால் குசினிக்குள் போய் அழுதுவிட்டும் வரலாம். ஆனால் கிளைப் பொறுப்பாளர் யோகலிங்கத்திடம் சாமான் மட்டும் கேட்கக்கூடாது. சாமான் கேட்டால் அவர் வவுனியாவிலுள்ள தலைமைக் கந்தோரிடம் கேட்க வேண்டும். கரையோர மீனவர்களுக்கு உதவும் கரைவிளக்கு நிறுவனத்தின் முல்லைத்தீவுக் கிளை தலைமைக் கந்தோரிடம் எதையும் கேட்பதில்லை. அதுதான் அதன் பெருமை. கூரை ஒழுகியபோதுகூட வாளிதான் வைத்தார்கள்.

"இருக்கிற மவுசுக்கு என்ன?" என்றார் யோகலிங்கம்.

"செத்துப்போச்சு."

"தட்டிப் பாத்தனீரோ?"

"தட்டினது, துடைச்சது, வெயிலில வச்சது, எல்லாம் செய்தாச்சு. அம்மன் கோயில் திருநீறு ஒண்டுதான் இன்னும் பூசேல்லை."

யோகலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். அறிவுரை சொல்லும்போது அவருக்குக் கண் தெரிய வேண்டிய தேவையில்லை.

"கௌசலா, இந்த நேரத்தில வாயைக் குடுத்துக் கெடுக்காதையும். உம்மட சிபாரிசை நான் போன மாதமே வீட்டில இருந்து எங்கட கிளை மெயிலில போட்டிட்டன். ஆரை நிரந்தரமாக்கிறது எண்டு இண்டைக்குப் பின்னேரம் அங்க கூட்டம். இப்ப போய் மவுஸ் கேட்டா என்ன நினைப்பினம்? 'இந்தப் பிள்ளை இப்பவே மவுஸ் கேக்குது, நிரந்தரமாக்கினா ஏசி கேக்கும்' எண்டு நினையாயினமோ?"

நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டதும் கௌசலா மவுசை விட்டுவிட்டாள்.

கரைவிளக்கில் நுழைபவர்கள் பயிற்சியாளராகத்தான் நுழைவார்கள். அந்தந்தக் கிளையில் நிரந்தரமாக இருக்கும் ஒருவர், 'இந்த ஆள் வேண்டும்' என்று தலைமைக் கந்தோருக்கு எழுதினால்தான் பயிற்சி முடியும். எழுதாவிட்டால் முடியாது. கௌசலாவுக்கு அது முடியாமலே இழுபட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து மூன்று தலைமுறையாக மற்றவனின் வயலில் குனிந்த குடும்பம். அப்பா சந்தையில் யாரைக் கண்டாலும் "மகளுக்கு நிரந்தரமாகப் போகுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்டவர்கள் இப்போது அவரைக் கண்டால் மற்றப் பக்கத்தால் சைக்கிளை விடுகிறார்கள்.

தேநீர்த் தட்டோடு தங்கம்மா உள்ளே வந்தார். யோகலிங்கம் எழுந்து நின்று இரண்டு கையாலும் கோப்பையை வாங்கினார். ஒரு மிடறு குடித்துவிட்டு, "அருமை அக்கா, அருமை" என்றார். அந்தத் தேநீரைக் குடித்துவிட்டு அப்படிச் சொல்வதற்கு மரியாதை மட்டும் போதாது, நாக்கும் செத்திருக்க வேண்டும்.

"உனக்கும் வைக்கட்டே பிள்ளை?" என்று தங்கம்மா கௌசலாவைக் கேட்டார்.

"வேண்டாம் அக்கா. காலமை குடிச்சதே இன்னும் தொண்டையில நிக்குது."

யோகலிங்கத்தின் முகம் ஏனோ வெளிறியது. தங்கம்மா சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

* * *

"மவுஸ் இல்லாமலும் வேலை செய்யலாம்" என்றார் நவ்பர், யோகலிங்கத்தின் கதவு சாத்தப்பட்ட பிறகு. "மெயிலுக்குக் குறுக்குவிசை எண்டு ஒண்டு இருக்கு. செட்டிங்ஸில போட்டுவிட்டா ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு வேலை செய்யும். சி தட்டினா புதுக் கடிதம். ஆர் தட்டினா பதில். ஏ தட்டினா எல்லாருக்கும் பதில். கண்ட்ரோலைப் பிடிச்சுக்கொண்டு என்டர் அடிச்சா அனுப்பிப்போடும்."

"இதை ஏன் நானா இவ்வளவு நாளும் சொல்லேல்ல?"

"நீ இவ்வளவு நாளும் மவுஸ் கேக்கேல்லையே."

அரை மணித்தியாலத்தில் கௌசலாவின் விரல்கள் பறந்தன. பார்க்காமலே தட்டெழுதுபவள் அவள். மவுசை எட்டிப் பிடித்து, அம்பைத் தேடி, குறிவைத்து அழுத்துகிற வேலையெல்லாம் இனி இல்லை. ஒரு தட்டில் கடிதம் திறந்தது, அடுத்த தட்டில் பதில் விரிந்தது, அதற்கடுத்த தட்டில் போய்ச் சேர்ந்தது. ஒரு கிழமைக் கடிதங்களை அவள் சாப்பாட்டுக்கு முன்னர் முடித்துவிட்டாள். மவுசைக் கேட்டதற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கம் கனநேரம் நிலைக்கவில்லை.

யோகலிங்கம் தன் கையெழுத்தில் எழுதிய தாளொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இதைக் கெதியா அடிச்சு பிரிண்ட் எடுத்துத் தாரும். கூட்டத்துக்கு முன்னம் ஃபாக்ஸில போக வேணும்."

கௌசலா தலைப்பைப் பார்த்தாள். 'யோகலிங்கம் ஐயா: கரையோர மக்களின் கலங்கரை விளக்கம்.' அதன்கீழே, கொக்கிளாய்ப் பக்கத்து மீனவர்கள் தமது கிளைப் பொறுப்பாளரைப் பாராட்டி எழுதும் மடல் என்று இருந்தது.

"இதை மீனவர்கள் எழுதினவையோ சேர்?"

"அவையின்ர மனதில இருக்கிறதைத்தான் நான் எழுதினனான். அவை கடலுக்குப் போறவை, நேரமில்லை. நீர் அடியும்."

இந்த இடத்தில் பாமினியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் பக்கத்துக் கந்தோர்களில் பலர் இன்னமும் தமிழ் அடிப்பது பாமினி என்ற எழுத்துருவில்தான். ஆங்கில விசைகளின் முதுகில் தமிழ் எழுத்துகளை ஏற்றிவிட்ட ஏற்பாடு அது. வேர்டில் பாமினியைப் போட்டுக்கொண்டு அடித்தால் தமிழ் வரும். வேறெங்காவது அடித்தால் ஆங்கிலக் குப்பை வரும். பாமினியில் 'ய' இருக்கிற இடம் ஆங்கிலத்தில் ஏ.

மவுஸ் இல்லாததால் கௌசலா விசையைத் தட்டித்தான் மெயிலை விட்டு வேர்டுக்குத் தாவினாள். தாவிவிட்டதாக நினைத்தாள். கண் யோகலிங்கத்தின் கிறுக்கலில் இருந்தது. திரையில் மெயில்தான் இருந்தது, அதுவும் தலைமைக் கந்தோர் எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பிய 'வீண்செலவைக் குறைத்தல்' என்ற சுற்றறிக்கை.

அவள் 'யோகலிங்கம்' என்று அடிக்கத் தொடங்கினாள். ய விழுந்த கணத்தில் எல்லாருக்கும் பதில் விரிந்தது. மிச்சம் அத்தனையும் அதற்குள் போய் விழுந்தது. புயலில் நீந்திச் சென்று வலைகளைக் காப்பாற்றியது, குழந்தைகள் அவரைக் கண்டால் ஓடிவருவது, உரிய இடத்தில் அவரை உரியவாறு நிலைநிறுத்த வேண்டும் என்ற மீனவர்களின் கண்ணீர், எல்லாம்.

முதல் பக்கம் முடிந்தது. வேர்டில் அடுத்த பக்கத்துக்குப் போக கண்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து அடிக்க வேண்டும். அவள் அடித்தாள்.

பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

'உங்கள் மடல் அனுப்பப்பட்டது' என்றது திரை.

"நானா" என்றாள் கௌசலா மெல்ல. "இங்க ஒருக்கா வாங்கோ."

நவ்பர் வந்து பார்த்தார். ஒரு பக்கம் நிறைய hfypq;fk; என்று தொடங்கி அரைப்புள்ளியும் அடைப்பும் எழுத்துமாகக் கிடந்தது.

"ஆருக்குப் போயிருக்கு?"

"தலைமைக் கந்தோருக்கும் எல்லாக் கிளைக்கும்."

நவ்பர் யோசித்தார். "பிரச்சினை இல்லை. ஒருத்தருக்கும் விளங்காது. பேசாமல் இரு."

அது நல்ல அறிவுரை. கௌசலா அதைக் கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

தொலைபேசி அடித்தது. வவுனியாவிலிருந்து ஷிஹானா, ஆளணிப் பிரிவு.

"கௌசலா, உங்கட மெயில் ஹக் ஆகியிருக்கு போல. ஏதோ வைரஸ் வந்து கிடக்கு. எல்லாக் கிளையும் கொம்பியூட்டரை நிப்பாட்டச் சொல்லப் போறம். பின்னேரக் கூட்டத்தையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளத்தான் வேணும் போல."

அடுத்த மாதம். அப்பா இன்னும் ஒரு மாதத்துக்குச் சந்தையில் நிற்பார்.

"ஐயோ, வைரஸ் இல்லை மிஸ்" என்றாள் கௌசலா. "நிப்பாட்டாதைங்கோ. இப்பவே எல்லாருக்கும் விளக்கம் போடுறன்."

போட்டாள். இந்த முறை கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, ஏ தட்டி, எந்தத் திரையிலும் தெரியும் தமிழாக மாற்றி ஒட்டி, எல்லாருக்கும் அனுப்பினாள்: 'அது வைரஸ் அல்ல. வெறும் பாமினி எழுத்துரு. பயப்பட வேண்டாம்.'

நவ்பர் அதை வாசித்துவிட்டு நெற்றியில் கைவைத்தார்.

"விசரே உனக்கு? பூட்டு எண்டு நினைச்சுக்கொண்டிருந்தவங்களுக்கு நீயே திறப்பை அனுப்பிப்போட்டாய்."

உண்மைதான். கிளிநொச்சிக் கிளையில் தர்ஷன் என்றொருவன் இருந்தான். கந்தோரில் வேலை செய்வதைத் தவிர வேறு எல்லாவற்றுக்கும் நேரமுள்ள பொடியன். அந்தக் குப்பையை வேர்டில் ஒட்டி, எழுத்துருவைப் பாமினிக்கு மாற்ற அவனுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்பட்டிருக்காது. தமிழாக்கிய பாராட்டு மடலை அவன் எல்லாருக்கும் அனுப்பிவைத்தான். முதல் எழுத்தைக் கட்டளையென்று மெயில் விழுங்கிவிட்டதால் பெயர் தலையில்லாமல் போயிருந்தது. தர்ஷன் தன் யோசனைக்கு ஒரு தலையை வைத்திருந்தான்.

'நாகலிங்கம் ஐயாவுக்குக் கிளிநொச்சிக் கிளையின் வாழ்த்துகள். பொன்னாடை எந்த நிறம்?'

கீழே மற்றக் கிளைகளின் பதில்கள் வரத் தொடங்கின.

'புயலில் நீந்தியவரின் படம் ஒன்று அனுப்பவும். நாட்காட்டியில் போட வேண்டும்.'

'எங்கள் குழந்தைகளும் ஓடிவர ஆயத்தம். ஐயா எப்போது வருவார்?'

'இவ்வளவும் வீண்செலவைக் குறைக்கும் வழிகளா? சுற்றறிக்கைக்குப் பதில் என்று வந்திருக்கிறது.'

நல்லவேளையாக யோகலிங்கம் கந்தோரில் மெயில் பார்ப்பவரில்லை. கடிதங்களை கௌசலா அச்செடுத்துக் கொடுத்தால்தான் பார்ப்பார். அவர் கேட்க முன்னர் இதையெல்லாம் அழித்துவிட்டால் போதும்.

"நானா, ஒண்டொண்டா அழிக்க நேரமில்லை. மொத்தமா அழிக்க எது?"

"எல்லாத்தையும் தெரிவு செய்யிறதுக்கு ஒண்டு இருக்கு, அழிக்கிறதுக்கு ஒண்டு. ஆனா முதல் தேடி எடுத்துப்போட்டு..."

வசனத்தின் பின்பாதி வருவதற்குள் அவள் பின்பாதியைத் தட்டிவிட்டாள். பதில்கள் போயின. சுற்றறிக்கை போனது. கடலட்டை வளர்ப்பு போனது. வற்றாப்பளைப் பொங்கலுக்குத் தண்ணீர்ப்பந்தல் போட அனுமதி போனது. பெட்டி புதுமனை போலப் பளிச்சென்று இருந்தது.

"...பிறகு அழிக்க வேணும்" என்று நவ்பர் முடித்தார்.

கௌசலாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "நானா, என்ர சிபாரிசு. அனுப்பினதுகளுக்க அது இருக்குமோ, அதுவும் போயிருக்குமோ?"

"குப்பையில தேடிப் பார். எதுவும் உடன அழியாது."

தேடுவதற்கும் ஒரு விசை இருந்தது. தட்டினாள். தன் பெயரை அடித்தாள். குப்பைத் தொட்டி, அனுப்பியவை, அனுப்பாமல் வைத்தவை, எல்லாம் சேர்த்துத் தேடச் சொன்னாள். தேநீர்க் கொள்வனவில் அவளுடைய பெயர் இருந்தது. குடை தொலைந்த முறைப்பாட்டில் இருந்தது. சிபாரிசு இல்லை. போன மாதம் இல்லை, அதற்கு முந்திய மாதமும் இல்லை, அவள் சேர்ந்த நாளிலிருந்தே இல்லை. அப்படி ஒன்று எழுதப்படவேயில்லை.

நவ்பர் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு கதிரையோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கௌசலா எழுந்தாள். மேசை லாச்சியை இழுத்தாள். சீப்பு, குடை, சாப்பாட்டுப் பெட்டி. மூன்றையும் பையில் போட்டாள். பையைத் தோளில் கொழுவிக்கொண்டு யோகலிங்கத்தின் கதவைத் தட்டாமல் திறந்தாள். கேட்கப் போகவில்லை. அவர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுப் போகத்தான் போனாள்.

அவர் தொலைபேசியை அப்போதுதான் கீழே வைத்திருந்தார். முகம் பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தது.

"நாகலிங்கம் ஆர்?" என்றார்.

"நீங்கள்தான் சேர்."

"தலைமைச் செயலாளர் எடுத்தவர். நாகலிங்கத்துக்கு வாழ்த்துச் சொல்லட்டாம். சிரிச்சவர். நான் இத்தினை வருசத்தில அந்த மனுசனிட்ட ஒண்டும் கேட்டதில்லை. ஒரு பேனை கேட்டதில்லை. முதல் முதலா ஆக்களைக் கொண்டு கேப்பிப்பம் எண்டா அதையும் நாறடிச்சுப்போட்டீர். நிரந்தரத்தை இனிக் கனவிலயும் நினையாதையும்."

"என்ர சிபாரிசு எங்க?"

யோகலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை அறிவுரை வரவில்லை.

"மெயிலில போட்டதெண்டு சொன்னீங்கள். தேடிப் பாத்திட்டன். இல்லை."

"அது... எழுதேல்லை."

"ஏன்?"

"என்னால எழுத ஏலாது, பிள்ளை."

கோபம் எல்லை கடந்தால் கௌசலாவின் வாயில் அப்பாவின் மலைநாட்டுத் தமிழ் வந்து உட்கார்ந்துவிடும். பள்ளிக்கூடத்தில் அதற்காகக் கேலி வாங்கி, வாய்க்குள் புதைத்து வைத்த தமிழ். இப்போது அது எழுந்து நின்றது.

"ஏலாதுன்னு சொல்லாதீங்க. மனசில்லன்னு சொல்லுங்க. உங்களப் பத்தி நீங்களே ஒரு பக்கம் எழுதுவீங்க, புயல்ல நீந்துவீங்க. எனக்கு ரெண்டு வரி எழுதக் கை வராது. கூலிக்காரன் மக தான, நாளைக்கும் நிப்பா, நாளன்னைக்கும் நிப்பான்னு நெனச்சுட்டீங்க. வவுனியாவில வேற ஒரு எடத்தில வேலைக்குக் கூப்பிட்டாங்க. இங்க நிரந்தரமாகும்னு ரெண்டு தடவ வேணாம்னு சொன்னேன். மூணாந் தடவ இப்ப நானே போய்க் கேக்கப் போறேன். கேட்டா வாய் தேஞ்சு போயிடாது."

"கொஞ்சம் பொறும்" என்று யோகலிங்கம் எழுந்தார். "நீர் போனா தமிழ் அடிக்க இங்க ஆர் இருக்கினம்? சரி, மவுஸ் வாங்கித் தாறன். நானே என்ர காசில வாங்கித் தாறன்."

அவள் திரும்பி நடந்தாள்.

"கௌசலா, நிரந்தரமும் பாப்பம். நான் எப்பிடியாவது செய்யிறன். நில்லும் பிள்ளை."

நவ்பரின் மேசையைத் தாண்டினாள். அவர் சுவரைப் பார்த்தபடியே கையை உயர்த்தி விடைகொடுத்தார். வாசலில் செருப்பை மாட்டினாள். பின்னால் யோகலிங்கம் வெறுங்காலோடு ஓடிவரும் சத்தம் கேட்டது.

வெளியே குழாயடியில் தங்கம்மா கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். அந்தக் கட்டடத்தில் யாரும் தும்மினாலே குசினிக்குக் கேட்கும்.

"போறியோ பிள்ளை?"

"ஓம் அக்கா, போறன்" என்று நிற்காமலே சொன்னாள் கௌசலா. "நிரந்தரமாக்கிறாராம் இப்ப. அவரே வச்சுக்கொள்ளட்டும்."

தங்கம்மா கோப்பையை உதறிக் கவிழ்த்தார்.

"அவர் எங்கால உன்னை ஆக்கிறது? இந்தக் கிளையில நிரந்தரமான ஒரே ஆள் நான்தான். அவருக்கே நான் இன்னும் எழுதிக் குடுக்கேல்லை."